தென்பெண்ணையிலிருந்து வெள்ளாறு வரை



திருவண்ணாமலைத் திருநகரில் ‘டேனிஷ் மிஷன்’ என்னும் பெயரைக் கேளாதார் இலர். பள்ளியின் பெயராக அது ஊரில் வழங்குகின்றது. ஆயினும், ‘டேனிஷ்’ என்றால் என்ன என்று வகுப்பில் வினவியபோது, அஃது ஒரு பாதிரியாரின் பெயர் என்று விடை கூறிய மாணவரும் உண்டு. டென்மார்க்கு என்னும் சிறு நாட்டைச் சார்ந்தது என்பதே அதன் பொருள். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள அந்நாடு, ஐரோப்பாவின் வடபால் வடகடலுக்கும் பால்டிக் கடலுக்கும் நடுவே கிடக்கின்றது. குளிரும் மூடுபனியும் மிக்க அந்நாட்டு மக்கள், கார்த்திகைத் தீபம் எரியும் மலையடிவாரத்துக்கும் தென்பெண்ணைக் கரைக்கும் வந்து பள்ளி வைத்தது ஏன்? அவர்கள் வைத்த பெண்கள் பள்ளிகளில் எழுந்த ஒரு வினா, காந்தியடிகளை வெள்ளாற்றங்கரைக்கு அழைத்து வந்தது எவ்வாறு? இன்று யான் கூறப் புகுவது அவ்வரலாறே.

டென்மார்க்குக்கும் தமிழகத்துக்கும் உள்ள உறவு பழையது. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்றுத் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் வாணிகத் தளம் அமைத்தனர். 1706-ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்னரால் அனுப்பப்பட்டு, ஜெர்மானியரான சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கு வந்திறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்றதும், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் நீங்கள் பாடநூலில் படித்தவையே. பாடநூல் பெரிதும் கூறாத செய்தி ஒன்று உண்டு. வந்த மறு ஆண்டாகிய 1707-லேயே, பெண் பிள்ளைகளுக்கென்று தனியே ஒரு பள்ளியை அவர் தரங்கம்பாடியில் தொடங்கினார். மிகச் சிறிய பள்ளிதான். எனினும் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஐரோப்பாவிலேயே பலர் கேட்டுக் கொண்டிருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும். 1845-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியை டேனிஷ்காரர் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அகன்றனர். கோட்டை கைமாறியது. சமயப் பணியை ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் மேற்கொண்டது.

இங்கேதான் நம் கதையின் முதல் முடிச்சு விழுகின்றது. லைப்சிக் மிஷனின் தலைவராயிருந்தவர் கார்ல் கிரவுல் என்னும் பேரறிஞர். அவர் தமிழகம் வந்து தங்கித் தமிழ் கற்று, திருக்குறளை ஜெர்மன் மொழியிலும் இலத்தீனிலும் பெயர்த்தவர். தமிழர் வழக்கங்களை மேனாட்டார் அவசரப்பட்டு அழித்தல் ஆகாது என்பது அவர் கொள்கை. அக்கொள்கையைச் சாதிக்கும் அவர் நீட்டினார். சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழியவேண்டும் என்று வற்புறுத்துதல் தகாது எனக் கருதினார். பிறப்பினால் எவ்வுயிர்க்கும் வேற்றுமை இல்லை என்னும் கருத்தைச் சொன்ன நூலை மொழிபெயர்த்த கையே, தேவாலயத்தில் சாதிக்கு ஓர் இருக்கை இட்டது. இது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அம்மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் என்னும் மிஷனரி இதனை ஏற்கவில்லை. ஒரே அப்பத்தையும் ஒரே கிண்ணத்தையும் பகிர்ந்துகொள்ள மறுப்பவர் எவ்வாறு ஒரு சபையாவர் என்று அவர் போராடிப் பார்த்தார். முடிவில் லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறினார்.

அந்நாளில் டென்மார்க்கில், 1821-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற டேனிஷ் மிஷனரி சங்கம், தனக்கென ஒரு பணிக்களம் தேடிக் கொண்டிருந்தது. 1863-ஆம் ஆண்டில் ஓக்ஸ் அதனோடு இணைந்தார். தென்னாற்காட்டில் பட்டாம்பாக்கம் அதன் முதல் நிலையமாயிற்று. சாதியை ஏற்பதில்லை என்ற உறுதியோடு பிறந்தது இம்மிஷன். உறுதி எடுப்பது எளிது, காப்பது அரிது. பின்னாளில் அந்தச் சபைகளிலும் சாதி முற்றும் அகன்றுவிட்டது என்று கூறத் துணிவோர் இரார். ஆனால், தொடக்கத்திலேயே சேரிப் பிள்ளையையும் ஊர்ப் பிள்ளையையும் ஒரே பலகையில் உட்கார வைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்ததை மறத்தல் நன்றன்று.

பட்டாம்பாக்கத்திலிருந்து மேற்கு நோக்கிப் பணி பரவிற்று. தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரில் ஒரு நிலையம் எழுந்தது. அங்கிருந்து திருவண்ணாமலைக்கும் மிஷன் வந்தது. அக்காலத்தில் திருவண்ணாமலை வட்டமும் தென்னாற்காடு மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. பின்னரே அது வடஆற்காட்டோடு சேர்க்கப்பட்டது. விழுப்புரம் காட்பாடி இரயில் பாதை அமைந்தபின் இரண்டு ஊர்களும் இன்னும் நெருங்கின. திருக்கோவிலூர் என்றவுடன் இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகின்றது. 1896-ஆம் ஆண்டு, மதுரையிலிருந்து புறப்பட்ட வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பிள்ளை, காதுக் கடுக்கனை அடகு வைத்துக் கட்டணம் தேடித் திருவண்ணாமலைக்கு இரயில் ஏறிய இடம் அதுவே. அப்பிள்ளையே பின்னாளில் இரமண மகரிஷி. ஒரே பாதை, ஒரே காலம். ஒருவர் உள்ளே தேடி வந்தார். கடல் கடந்த சிலர் வெளியே சொல்ல வந்தார்கள்.

மிஷனின் வேலை எத்தகையது? ஞாயிறு ஆராதனை, கிராமப் பிரசங்கம், பள்ளி, மருந்தகம், அனாதைப் பிள்ளைகளுக்கு விடுதி என்று சொல்லிவிடலாம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சம், மிஷன் விடுதிகள் பலவற்றை நிரப்பிற்று. தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளைக் கஞ்சி வார்த்துக் காப்பாற்றியவர்கள், அவர்களுக்கு எழுத்தும் கற்பித்தார்கள், ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். பசித்தவனிடம் மதம் பேசுவது முறையோ என்ற கேள்வி அன்றே எழுந்தது. இன்றும் எழுகின்றது. அக்கேள்வி நியாயமானதே என்பது என் கருத்து. அக்கேள்வியைக் கேட்பவர், அப்பிள்ளைகளை வேறு எவர் வாசலில் சேர்த்திருப்பார்கள் என்ற கேள்விக்கும் விடை சொல்லுதல் வேண்டும்.

பெண் கல்வி நிலையைச் சிறிது நோக்குவோம். 1901-ஆம் ஆண்டின் குடிக்கணக்கை எடுத்துப் பார்த்தால், இந்தியாவில் நூறு பெண்களைக் கூட்டி நிறுத்தினால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூடத் தேறமாட்டார் என்பது விளங்கும். பத்துப் பதினோரு வயதில் பெண்ணுக்குத் திருமணம் பேசிவிடுவர். அத்துடன் பள்ளி நின்றுவிடும். பள்ளிக்கு அனுப்பினாலும் ஆண் ஆசிரியரிடம் அனுப்பத் தயங்குவர். பெண் ஆசிரியையோ கிடைக்கமாட்டார். படித்த பெண் இல்லாததால் ஆசிரியை இல்லை. ஆசிரியை இல்லாததால் படித்த பெண் இல்லை. இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, சில பெண்களை நீண்ட காலம் வைத்துப் படிக்கவைத்து, ஆசிரியைகளாக அனுப்புவது. மிஷன்கள் பெண்கள் விடுதிப் பள்ளிகளில் அவ்வளவு ஆர்வம் காட்டியதன் காரணம் இதுவே. யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824-ஆம் ஆண்டிலேயே இத்தகைய விடுதிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தனர். மிஷன்களுக்கு வேறொரு நோக்கமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. தாய் படித்தால் வீடு முழுவதும் வேதம் படிக்கும், சபை வேரூன்றும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். பள்ளியும் சபையும் அவர்களுக்கு இரு கிளைகளல்ல, ஒரே மரம்.

அம்மரத்துக்கு நீர் வார்த்தவர்களுள், டென்மார்க்கின் கிராமச் சபைகளைச் சேர்ந்த எளிய மக்களும் இருந்தனர் என்பதை நினைத்துப் பாருங்கள். தாம் ஒருநாளும் காணப்போகாத ஊரில், தாம் ஒருநாளும் காணப்போகாத ஒரு சிறுமியின் கைப்பலகைக்கு அவர்கள் காசு சேர்த்தார்கள். அக்காசு போதாதபோது அரசாங்க மானியம் தேவையாயிற்று. மானியம் என்ற சொல்லைச் சற்று விளக்குதல் நலம். ஏனெனில், அடுத்து வரும் நிகழ்ச்சிகளின் சாவி அதில் இருக்கின்றது.

1854-ஆம் ஆண்டில் சார்லஸ் உட் என்பார் அனுப்பிய கல்வி அறிக்கையின்படி, தனியார் பள்ளிகளுக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் அரசாங்கம் உதவித்தொகை வழங்கத் தொடங்கிற்று. உதவி என்றால் கட்டுப்பாடும் உண்டு. பள்ளித் துணை ஆய்வாளர் வருவார், பதிவேட்டைப் பார்ப்பார், அங்கீகரிக்கப்பட்ட நூல்தானா என்று நோக்குவார். சில காலம், பிள்ளைகள் தேர்வில் பெறும் வெற்றியை எண்ணியே பணம் கொடுக்கும் முறையும் இருந்தது. எத்தனை தலை தேறிற்று என்று எண்ணித் தொகை கொடுத்தால், ஆசிரியன் எதைக் கற்பிப்பான்? தேறுவதை மட்டுமே கற்பிப்பான். பிள்ளை வாழ்வதற்கு வேண்டியது பின்னே தள்ளப்படும். பள்ளித் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் சொல்லுகின்றேன்: அம்முறை ஏட்டில் ஒழிந்தபின்னும் மனத்தில் ஒழியவில்லை.

இவ்வாறிருந்த பணிக்களத்துக்கு 1909-ஆம் ஆண்டில் வந்தார் ஆன் மேரி பீட்டர்சன். 1878-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் பிறந்தவர். கல்விப் பணிக்கென்று டேனிஷ் மிஷனரி சங்கத்தால் அனுப்பப்பட்டவர். அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் நாட்டில் எழுந்த ஒரு பெரும் கல்வி இயக்கத்தை அறிதல் வேண்டும். குருண்ட்விக் என்னும் பாதிரியார், கவிஞர், வரலாற்றறிஞர், 1783-இல் பிறந்து 1872 வரை வாழ்ந்தவர். இலத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்துப் பிள்ளைகளை உயிரற்றவர்களாக்கும் பள்ளிகளை அவர் ‘சாவுப் பள்ளிகள்’ என்றே கருதினார். உழவர் மகனும் மகளும் தாய்மொழியில், பாட்டும் பழங்கதையும் நாட்டு வரலாறும் வாயிலாகக் கற்க வேண்டும். தேர்வும் பட்டமும் அங்கே வேண்டுவதில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறைந்து பேசிப் பழக வேண்டும் என்பது அவர் கனவு. அக்கனவின்படி முதல் ‘மக்கள் உயர்பள்ளி’ 1844-ஆம் ஆண்டில் ரோடிங் என்னும் ஊரில் தொடங்கிற்று. அப்பள்ளிகள் டென்மார்க்கின் உழவரைத் தலைநிமிரச் செய்தன. அந்நாட்டின் கூட்டுறவுப் பால் பண்ணைகளின் வெற்றிக்கு இப்பள்ளிகளே அடிப்படை என்று கூறுவர். இந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர் பீட்டர்சன் அம்மையார்.

அத்தகையவர் தென்னாற்காட்டுக்கு வந்து கண்டது என்ன? இந்தியப் பெண்ணுக்கு ஆங்கிலப் பாடத்திட்டம். தமிழ் ஓர் ஓரத்தில். டென்மார்க்கின் குடியானவன் மகளுக்கு டேனிஷ் மொழியும் டேனிஷ் கதைகளும் உயிர் என்றால், தமிழ்ப் பெண்ணுக்கு மட்டும் வேறு விதியா? கிறிஸ்துவைப் பின்பற்றும் ஒரு பெண், அதனாலேயே தன் நாட்டுக்கும் மொழிக்கும் அயலாளாக வேண்டுமா? இதுவே அவரை உறுத்திய வினா. மாணவியரே, இவ்வினாவின் கனத்தை நீங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நாளில் மிஷன் பள்ளியில் படித்து வெளிவந்த பெண்ணை ஊரார் ‘துரைசானி’ என்று எள்ளியதுண்டு. அவள் கற்றது நல்லதாயினும், கற்ற விதம் அவளைத் தன் தெருவிலிருந்தே பிரித்துவிடுமானால், அவள் யாருக்கு ஆசிரியையாவாள்?

1916-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எஸ்தர் பேரிங் என்னும் மற்றோர் இளம்பெண் டென்மார்க்கிலிருந்து வந்து சேர்ந்தார். 1889-இல் பிறந்தவர். திருக்கோவிலூர் நிலையமே அவர் பணியிடம். அந்த ஆண்டின் முடிவில் பீட்டர்சனும் எஸ்தரும் இந்தியாவின் கல்விக்கூடங்களைக் கண்டறிய வடநாட்டுப் பயணம் மேற்கொண்டனர். அப்பயணத்தில், 1917-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அகமதாபாத்தை அடைந்தனர். அங்குக் கோச்சரப் என்னும் இடத்தில் காந்தியடிகள் தம் சத்தியாக்கிரக ஆசிரமத்தை நடத்தி வந்தார். சாபர்மதிக் கரைக்கு ஆசிரமம் பெயர்ந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்தே. அப்போது அவர் நாடறிந்த தலைவரல்லர். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. சம்பாரண் போராட்டமே பின்னர்தான் நிகழ்ந்தது. ஆகையால், புகழைக் கண்டு மயங்கி அவ்விரு பெண்களும் அவரிடம் போகவில்லை.

ஆசிரமத்தில் அவர்கள் கண்டது யாது? தீண்டப்படாதவர் எனப்பட்ட குடும்பத்தோடு ஒரே பந்தியில் உணவு, எல்லார் கையிலும் வேலை, காலையும் மாலையும் பிரார்த்தனை, தாய்மொழியில் கல்வி. சாதியை முன்னிட்டு ஒரு மிஷனை விட்டு வெளியேறிய ஓக்ஸின் வழிவந்தவர்களுக்கு அப்பந்தி எவ்வாறு தோன்றியிருக்கும்? குருண்ட்விக்கின் பள்ளியை அறிந்தவருக்கு அக்கல்வி எவ்வாறு தோன்றியிருக்கும்? தாம் தேடி வந்ததை ஓர் இந்து ஆசிரமத்தில் கண்டார்கள் என்பதே சுருக்கமான விடை.

திருக்கோவிலூர் திரும்பிய எஸ்தருக்கும் காந்தியடிகளுக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கிற்று. இருபது வயது மூத்தவரான அவர், ‘என் அருமைக் குழந்தாய்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் விளித்து எழுதினார். இக்கடிதங்கள் பின்னர், 1956-ஆம் ஆண்டில் அவ்விளியையே தலைப்பாகக் கொண்டு நூலாக வெளிவந்தன. அவர் எஸ்தரைத் தம் மதத்துக்கு அழைக்கவில்லை. மிஷனைத் துறந்துவிட்டு ஓடிவா என்றும் எழுதவில்லை. கொடுத்த வாக்கைக் காத்தல் வேண்டும், மேலோருக்குக் கட்டுப்பட்ட காலம் வரை கட்டுப்படுதல் வேண்டும் என்பதே அவர் அறிவுரையாயிருந்தது.

மிஷனுக்கோ தர்மசங்கடம். நாம் அவர்களைக் கல்நெஞ்சர் என்று எளிதில் தூற்றிவிடலாகாது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. லைப்சிக் மிஷனின் ஜெர்மானியரை ஆங்கில அரசாங்கம் நாட்டை விட்டு அனுப்பிவிட்டது. அயல்நாட்டு மிஷனரி எவரும் அரசியலில் கலவாதிருத்தல் வேண்டும் என்பது அரசாங்கத்தின் கண்டிப்பான எதிர்பார்ப்பு. ஓர் இளம் மிஷனரியின் கடிதங்களுக்காகத் தம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் மூடப்படுமானால் என் செய்வது என்று சங்கத்தார் அஞ்சினர். எஸ்தரோ அரசாங்கத்தின் சந்தேகப் பார்வைக்கு உள்ளானார். 1919-ஆம் ஆண்டு ரௌலட் சட்டமும், ஏப்ரல் 13-ஆம் நாள் ஜாலியன்வாலாபாகில் நிகழ்ந்த படுகொலையும், நடுநிலை என்று ஒன்று இருக்க முடியுமா என்ற வினாவை நேர்மையுள்ள ஒவ்வொருவர் முன்னும் நிறுத்தின. அவ்வாண்டில் எஸ்தர் மிஷனை விட்டு விலகிச் சாபர்மதி சென்றார். பின்னர் கேரளத்தவரான மேனன் என்னும் மருத்துவரை மணந்து எஸ்தர் மேனன் ஆனார். வெள்ளைப் பெண் இந்தியரை மணப்பது இரு தரப்பாருக்கும் இனிக்காத காலம் அது.

பீட்டர்சன் அம்மையாரும் பதினோர் ஆண்டுக் காலப் பணிக்குப் பின் மிஷனிலிருந்து விலகினார். ஆனால் அவர் டென்மார்க்குக்குத் திரும்பவில்லை, சாபர்மதிக்கும் குடிபெயரவில்லை. தென்னாற்காட்டிலேயே, தாம் விரும்பியபடி ஒரு பெண்கள் பள்ளியை வைப்பது என்று துணிந்தார். அதற்கு அவர் தேர்ந்த ஊர் பரங்கிப்பேட்டை.

பரங்கிப்பேட்டையின் பெயரிலேயே வரலாறு உறைகின்றது. பரங்கியராகிய போர்த்துக்கீசியர் ‘போர்ட்டோ நோவோ’, அதாவது புதுத்துறை, என்று வழங்கிய ஊர். வெள்ளாறு கடலொடு கலக்கும் இடம். முஸ்லிம் வணிகர் பெருகி வாழ்ந்த துறைமுகம். டச்சுக்காரரும் டேனிஷ்காரரும் பண்டகசாலை வைத்திருந்தனர். 1781-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஐதர் அலியின் படையும் ஐர் கூட்டின் ஆங்கிலப் படையும் அங்கே பொருதன. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜோசையா ஹீத் என்பார் சேலத்து இரும்புக் கல்லைக் கொண்டு அங்கே இரும்பாலை நடத்திப் பார்த்துப் பொருள் இழந்தார். துறையும் தூர்ந்தது, ஆலையும் அவிந்தது. மங்கிய அந்த ஊரில், கடற்காற்று வீசும் மணற்பாங்கான நிலத்தில், எழுந்தது ‘சேவா மந்திர்’. தொண்டுக் கோயில் என்பது பொருள்.

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் காந்தியடிகள் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்தபோது அவர் மேற்கொண்ட தமிழ்நாட்டுப் பயணம் அது. அதே பயணத்தில் சில நாட்களுக்குப் பின், செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் அவர் முழு ஆடையைத் துறந்து அரையாடை உடுத்தினார் என்பது நீங்கள் அறிந்ததே. மதுரை நிகழ்ச்சியை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றோம். அதற்கு முன் பரங்கிப்பேட்டையில் அவர் ஒரு டேனிஷ் பெண்மணியின் பள்ளிக்குக் கல் நாட்டியதைப் பெரும்பாலார் மறந்துவிட்டனர். முன்னதும் பின்னதும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்கள் என்றே யான் கருதுகின்றேன். ஏழையின் உடையை உடுத்துதல் ஒன்று; ஏழையின் மகளுக்கு அவள் மொழியில் கல்வி தருதல் மற்றொன்று.

சேவா மந்திர் அரசாங்க மானியத்தைச் சாராத தேசியப் பள்ளியாகத் தோன்றிற்று. அரசாங்கப் பள்ளிகளையும் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளையும் விட்டு மாணவர் வெளியேறுக என்ற குரல் நாடெங்கும் ஒலித்த நாளில், மானியம் வேண்டா என்று ஓர் ஐரோப்பியப் பெண் சொல்லியது சிறு செய்தியன்று. சமயத்தில் அது கிறிஸ்தவப் பள்ளியே. பீட்டர்சன் இறுதிவரை கிறிஸ்துவைப் பற்றியவராகவே இருந்தார். பள்ளியில் வேதமும் பிரார்த்தனையும் இருந்தன. அதோடு இராட்டையும் கதரும் இருந்தன. தமிழ் நடுவிடத்தில் இருந்தது. வார்தாவில் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வித் திட்டம் வகுக்கப்பட்டது 1937-ஆம் ஆண்டில். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே கையும் கருத்தும் சேர்ந்து கற்கும் முயற்சி வெள்ளாற்றங்கரையில் தொடங்கிவிட்டது. டென்மார்க்கிலிருந்த நண்பர்கள் பணம் சேர்த்து அனுப்பினர். மிஷனரி சங்கம் தாங்காததை, குருண்ட்விக்கின் வழி நின்ற எளிய குடும்பங்கள் தாங்கின. ஆகவே அயல்நாட்டுப் பணம் அறவே நின்றுவிடவில்லை. அதன் கட்டளையிடும் குரல்தான் நின்றது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் குறித்துக்கொள்ளல் தகும்.

இம்முயற்சிக்குக் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அரசாங்க அங்கீகாரம் இல்லாத பள்ளியில் படித்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. வசதியுள்ளவர், தேர்வில் தேறிச் சான்றிதழ் பெறக்கூடிய பள்ளிகளையே நாடுவர். தேசியப் பள்ளிகள் பலவும் 1920-களில் இந்த இடர்ப்பாட்டாலேயே மறைந்தன. வறிய வீட்டுப் பெண்ணுக்கு ஆசிரியைச் சான்றிதழ் என்பது வெறும் காகிதமன்று, சோறு. தேர்வைப் பழிப்பது, தேர்வில் வென்றவருக்கு எளிது. இந்த இடத்தில் யான் குருண்ட்விக்கோடு முற்றும் உடன்படேன். அதே காலத்தில் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவையரைக் கூட்டிப் படிக்கவைத்து, முறையான தேர்வுகளில் தேறச் செய்து, ஆசிரியைகளாக்கி வாழ்வளித்துக் கொண்டிருந்தார். 1914-இல் இராணி மேரிக் கல்லூரியும் 1915-இல் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் சென்னையில் தோன்றிப் பட்டம் பெற்ற பெண்களை ஆக்கின. அவையும் வேண்டியிருந்தன. சேவா மந்திரும் நெடுங்காலம் நிலைத்து வளர்ந்ததால், நாடு விடுதலை பெற்றபின் நாட்டின் பொதுக் கல்வியோடு இணங்கி நடக்க வேண்டியதாயிற்று.

பழைய மிஷனின் பணியும் வீணாகிவிடவில்லை. இதனைச் சொல்லாவிடின் நடுநிலை தவறியவனாவேன். பீட்டர்சனும் எஸ்தரும் விலகிய கதை சுவையுடையது. ஆதலின் எழுதுவோர் அதனையே எழுதுவர். விலகாமல் இருந்து, மாதந்தோறும் பதிவேடு எழுதி, விடுதியில் அரிசி அளந்து, காய்ச்சலில் விழித்திருந்து பணி செய்த தமிழ் ஆசிரியைகளைப் பற்றி எழுதுவோர் இல்லை. அவர்கள் பலர் சேரிகளில் பிறந்து, மிஷன் விடுதியில் படித்து, தம் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளில் தனியே சென்று கற்பித்தவர்கள். கடல் கடந்து வந்த பெண்ணின் துணிவு பெரிதுதான். ஊர்க் கட்டுப்பாட்டைக் கடந்து, அடுத்த கிராமத்துக்குப் புத்தகப் பையோடு நடந்த பெண்ணின் துணிவு அதனினும் சிறிதோ? டென்மார்க்கில் வெளியான மிஷன் வரலாறுகளில் மிஷனரிமாரின் பெயர்கள் அச்சேறின. இவர்களின் பெயர்கள் சபைப் பதிவேடுகளில் மங்கிய மையில் கிடக்கின்றன. உங்களுள் எவரேனும் கல்லூரியில் வரலாறு பயின்று ஆய்வு செய்ய முற்பட்டால், அப்பதிவேடுகளைத் திறந்து பாருங்கள். திருவண்ணாமலை, திருக்கோவிலூர், கடலூர் வட்டாரப் பெண் கல்வியின் உண்மை வரலாறு எழுதப்பட இன்னும் இடமிருக்கின்றது.

அயல்நாட்டு மிஷனாகத் தொடங்கியது நாளடைவில் இந்நாட்டார் கைக்கு வந்தது. கடலூரைத் தலைமை இடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை, டேனிஷ் மிஷனின் வித்திலிருந்து முளைத்ததே. லைப்சிக் மிஷனின் வழியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-ஆம் ஆண்டிலேயே அமைந்தது. ஜெர்மானியர் போரினால் வெளியேற்றப்பட்டதும் அதனை விரைவுபடுத்திற்று. அயலார் அகன்றபின் தானே நிற்க இயலாத சபை சபையன்று என்பதை அப்போர் கற்பித்தது. பள்ளிக்கும் இது பொருந்தும்.

ஆன் மேரி பீட்டர்சன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்து, இந்தியா விடுதலை பெற்றதையும் கண்டு, 1951-ஆம் ஆண்டில் மறைந்தார். எஸ்தர் மேனன் 1962-ஆம் ஆண்டில் காலமானார். சேவா மந்திர் என்னும் பெயர் பரங்கிப்பேட்டையில் பெண்கள் பள்ளியின் பெயராக வழங்கி வருகின்றது. சிதம்பரத்திலிருந்து கடலூர் செல்லும் இரயிலில் போவோர் அவ்வூர் நிலையத்தைக் கடந்தே செல்லுதல் வேண்டும். இறங்கி வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் வரை நடந்து பார்க்க, அரை நாள் போதும்.